மிக மெல்லிய நானோ துளைச் சவ்வு வந்துவிட்டால், ஃபுளோரைடு நீருக்கு ஆர்.ஓ. தேவைப்படாதா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையையோ எருத்தேம்பதியையோ அடுத்து, போர்வெல் நீரை நம்பியிருக்கும் வீடு உங்களுடையது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் குடும்பமும் அந்தப் பக்கம்தான். அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உங்கள் கவலை என்றால், ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) கருவியைக் கழற்ற வேண்டாம்.

சவ்வின் தடிமன் வேறு, துளையின் அகலம் வேறு. தடிமன் குறைந்தால் அதே அழுத்தத்தில் கூடுதல் நீர் வரும். எது கடக்கும், எது நிற்கும் என்பதைத் துளையின் அகலமும் துளைச் சுவரின் மின்னேற்றமுமே முடிவு செய்கின்றன. சல்லடையின் தகடு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கண் பெரிதாக இருந்தால் மாவோடு தவிடும் விழத்தான் செய்யும். 20, 30 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துளை கொண்ட பாலிமர் சவ்வு பாக்டீரியாவையும் பல வைரஸ்களையும் தடுக்கும். ஆனால் ஃபுளோரைடு அயனி, நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த நிலையிலும், ஒரு நானோமீட்டருக்கும் சிறியது. நானோவடிகட்டல் சவ்வுகள் ஃபுளோரைடை ஓரளவு தடுக்குமே என்று துறை அறிந்தவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான், அவற்றின் துளை ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். 'நானோ' என்ற பெயரோடு வீட்டுக்கு வருவதெல்லாம் அந்த வகை அல்ல.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் பெரியப்பா வீட்டில் நடந்தது. ஒரு விற்பனையாளர் சேறு கலந்த நீரைத் தன் கருவியில் ஊற்றி, பளிங்கு போல வந்ததைக் காட்டி, கழிவுநீரே வெளியேறாது என்றும் சொல்லி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆர்.ஓ.வை எடுக்க வைத்துவிட்டார். சேறு நீங்கியது பொய்யில்லை. ஆனால் ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. விடுமுறைக்குச் சென்றபோது கருவிக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்துவந்து, நான் பணியாற்றிய ஆய்வகத்தில் ஃபுளோரைடை மட்டும் தனியாக அளக்கும் மின்முனையால் அளந்தேன். இரண்டிலும் ஒரே அளவு, அதுவும் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி. பல் முளைக்கும் வயதில் பேரக் குழந்தைகள் இருந்த வீடு அது. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மெல்லிய சவ்வுகளுக்கு எதிராக நான் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். என் ஆராய்ச்சியே அவற்றில்தான். 2015-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சந்தானு கரண், ஆண்ட்ரூ லிவிங்ஸ்டன் குழுவினர் 10 நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனில் பாலியமைடு படலம் செய்து காட்டினார்கள். ஆயினும் அது கரிமக் கரைப்பான்களில் மூலக்கூறுகளைப் பிரிப்பதற்காகச் செய்யப்பட்டது, குடிநீருக்காக அல்ல. 1960-ஐ ஒட்டி, சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து செல்லுலோஸ் அசிடேட் சவ்வின் மேற்பரப்பில் மட்டும் மெல்லிய அடர்ந்த தோலை உருவாக்கி, ஆர்.ஓ.வை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் சீனிவாச சௌரிராஜன் என்ற இந்தியர். நான் படித்த எந்த வகுப்பிலும் அவர் பெயரை ஒருவரும் சொன்னதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சவ்விலேயே வினையூக்கியை, அதாவது தான் மாறாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளை, வைத்து ஃபுளோரைடை அழித்துவிட முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். துளைச் சுவர்களில் தங்கம் அல்லது பல்லேடியத்தின் நானோ துகள்களைப் பதித்துவிட்டால், கரைசல் கடந்து செல்லும்போதே வினை முடிந்துவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் இல்லை, பின்னர் வடித்தெடுக்க வேண்டியதும் இல்லை. 50 நானோமீட்டர் ஆரமுள்ள துளையின் நடுவிலிருந்து ஒரு சிறு மூலக்கூறு சுவரை அடையச் சில மைக்ரோ நொடிகளே போதும். அதனால்தான் சவ்வு மெல்லியதாக இருந்தும் வினைக்கு நேரம் கிடைக்கிறது. சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்த நைட்ரோஃபீனால் கரைசல் மஞ்சளாக உள்ளே போய், நிறமற்று வெளியே வந்ததை முதன்முதலாகப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட பெருமிதம் கொஞ்சமல்ல. ஆனால் அங்கே ஒரு மூலக்கூறு வேறொன்றாக மாறுகிறது. ஃபுளோரைடு ஒரு தனிமத்தின் அயனி. எந்த வினையூக்கியும் அதைச் சிதைத்து ஒழிக்க முடியாது. நீரிலிருந்து பிரித்தெடுக்கத்தான் வேண்டும்: ஆர்.ஓ., ஃபுளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வூட்டிய அலுமினா, அல்லது படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறை.

புதிய கருவியோடு யாராவது வந்தால், டி.டி.எஸ். மீட்டரைக் காட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். அது மொத்த உப்பைத்தான் சொல்லும், ஃபுளோரைடைத் தனியாகச் சொல்லாது. உங்கள் கிணற்று நீருக்கே, கருவிக்கு முன்னும் பின்னும், ஆய்வகத்தில் அளந்த ஃபுளோரைடு அறிக்கையைக் கேளுங்கள். அதைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.