ஒன்றுசேர்ந்தவர்களுக்கு நேர்ந்தது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து சில ஆண்டுகளுக்குள் சீன அரசு ஆலைகள் 2.5 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வெளியேற்றின என்று படித்தேன். அத்தனை பேர் இருந்தும் நாடு தழுவிய போராட்டம் ஒன்றுகூட ஏன் எழவில்லை? ஊருக்கு ஊர் தனித்தனியே முழங்கிவிட்டு அடங்கிப்போன கோழைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதைப் பற்றிய நல்ல நூல்களைச் சொல்ல இயலுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நூல்கள் இருக்கட்டும். வடகிழக்குச் சீனாவின் லியாவோயாங் நகரத் தொழிலாளர்களைப் பற்றிச் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவர்களையும் சேர்த்துக் கோழைகள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஊருக்கு ஊர் நிலைமை வேறு. ஷாங்காய் நகரத்திடம் பணம் இருந்தது. 1996இலேயே மறுவேலைவாய்ப்பு மையங்களைத் திறந்தது. வடகிழக்கிலோ வீடு, மருத்துவமனை, பள்ளி, ஓய்வூதியம் அனைத்தையும் ஆலையே தந்தது. அது நொடித்தபோது எல்லாம் சேர்ந்தே போயின. முறையிட ஆலை வாசலை விட்டால் அவர்களுக்கு வேறு வாசல் இல்லை. அதே வடகிழக்கின் தாச்சிங் எண்ணெய் வயலில் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்குத் தீர்த்து வெளியேற்றப்பட்டவர்கள், குளிர்கால வெப்பமூட்டும் உதவித்தொகையும் நின்றபோது 2002 மார்ச்சில் திரண்டார்கள்.

அதே மாதம் லியாவோயாங்கில், ஊரில் வேலையற்றவர் எவருமில்லை என்று நகர மக்கள் பேரவைத் தலைவர் தொலைக்காட்சியில் சொன்னதும், மாதக்கணக்கில் சம்பளம் காணாத இரும்புக்கலவை ஆலைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். நீங்கள் தேடும் ஒற்றுமை அங்கே இருந்தது, நண்பரே. போராட்டத்தை முன்னின்று நடத்திய யாவ் ஃபூசின் கைதான மறுநாள், அவரை விடுவிக்கக் கோரிப் பல ஆலைகளைச் சேர்ந்த பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். சம்பள நிலுவையில் ஒரு பகுதியை அரசு கொடுத்தது. ஆனால் ஆலைகளை இணைத்து நின்ற யாவ் ஃபூசினுக்கும் சியாவ் யுன்லியாங்குக்கும், அரசைக் கவிழ்க்க முயன்றதாகக் குற்றம் சாட்டி, 2003 மே மாதம் முறையே 7 ஆண்டும் 4 ஆண்டும் சிறை விதித்தது. தன் ஆலையின் பாக்கியை மட்டும் கேட்டவருக்குக் கொஞ்சம் பணமாவது கிடைக்கலாம்; பக்கத்து ஆலைக்காரரின் கையைப் பிடித்தவருக்குச் சிறை. இதைக் கண்ணால் பார்த்த பிற ஊர்த் தொழிலாளர்கள், வீட்டில் உலை வைக்க வேண்டியவர்கள், தங்கள் ஆலை வாசலோடு நின்றுகொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் கோபம் நியாயமான இடத்திலிருந்துதான் பிறக்கிறது; அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன். அந்தக் கோபத்தைத் தீர்ப்பு எழுதியவர்கள் பக்கம் திருப்புங்கள். யாவ் ஃபூசினின் வழக்கைத் தேடிப் படித்துவிட்டு மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.