ஒவ்வாமை ஊசிக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி: ஒட்டுசுட்டானில் வசிக்கிறோம். 26 கிலோ எடையுள்ள எட்டு வயது மகனுக்குக் கச்சான் கடுமையாக ஒத்துக்கொள்ளாது. கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் பேனா ஊசி இரண்டு எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்கிறார். கனடாவிலுள்ள தம்பி வாங்கித் தருவார். பணம் நான் கொடுக்க வேண்டும். நகையை அடகு வைத்து ஐந்தாறை ஒன்றாக வாங்கி வைக்கலாமா?

பதில்: அடகு வேண்டாம். அது ஒருமுறை வந்து போகும் செலவுக்குப் பொருந்தும். இந்த ஊசியோ தயாரிக்கப்பட்டு ஏறத்தாழ 18 முதல் 24 மாதங்களில் காலாவதியாகும். அதிலும் ஒரு பகுதி பாமசித் தட்டிலேயே கழிந்துவிடும். நகையை மீட்பதற்குள் அடுத்த ஊசி வாங்கும் நாள் வந்துவிடும்.

விலையை, மிஞ்சியிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, 36,000 ரூபா ஊசிக்கு 18 மாதம் மிச்சமிருந்தால் மாதச் செலவு 2,000 ரூபா. ஒன்பது மாதமே மிஞ்சியதை 27,000 ரூபாவுக்குக் கழித்துத் தந்தால் மாதம் 3,000 ரூபா ஆகிறது. மலிவு போலத் தெரிந்ததுதான் விலை கூடியது. ஆகவே தம்பி பணம் கட்டுமுன் பெட்டியிலுள்ள திகதியைப் படமெடுத்து அனுப்பட்டும்.

ஐந்தாறு வாங்கினால் நட்டப்படுவீர்கள் என்பதற்கு மகனின் எடையும் காரணம். 0.15 மில்லிகிராம் ஊசி பொதுவாக 15 முதல் 30 கிலோ வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதற்கு மேல் 0.3 மில்லிகிராம் வேண்டும். திகதி முடியுமுன்பே அவர் அந்த அளவைத் தாண்டிவிடக்கூடும்.

ஆனால் இரண்டை ஒன்றாகக் குறைக்க நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். முதல் ஊசி போதாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது தேவைப்படும். ஊசி போட்டதும் 1990 இலவச அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்குப் போயே ஆகவேண்டும். கனடாவில் ஒற்றையாகவும் விற்பதால், ஆறேழு மாத இடைவெளியில் ஒவ்வொன்றாக மாற்றினால் முழுச் சுமையும் ஒரே மாதத்தில் விழாது. அதற்கான காசைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். சீட்டில் போட்டால் தேவையான மாதத்தில் உங்கள் முறை வராமல் போகலாம்.

வெப்பமும் பணத்தைத் தின்னும். 25 பாகை செல்சியஸ் அளவில் வைக்க வேண்டிய மருந்து, வன்னி வெயிலில் தகரக் கூரையின் கீழோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ கிடந்தால் திகதிக்கு முன்பே கெடலாம். குளிர்சாதனப் பெட்டியும் ஆகாது. பார்சலில் அனுப்பாமல், வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊர் வருபவரின் கைப்பையில், வைத்தியரின் கடிதத்தோடு கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

2018 ஆகஸ்டில் தட்டுப்பாட்டின்போது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்த ஊசியின் சில தயாரிப்புத் தொகுதிகளின் காலாவதித் திகதியை நான்கு மாதம் நீடித்தது. அதை நம்பி வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். புதியது வரும்வரை பழையதை எறியவும் வேண்டாம். வேறு ஊசி இல்லாத ஆபத்தில், மருந்து நிறம் மாறாமல் தெளிவாக இருந்தால், திகதி கடந்ததையாவது போடுவதே மேல். பேனா ஊசி தாமதமானால் மிக மலிவான அட்ரினலின் குப்பியையும் சிரிஞ்சையும் வீட்டில் வைத்திருக்கலாமா, அளவை எடுக்க உங்களுக்குப் பழக்கித் தருவார்களா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.