இடுப்பளவுத் தடுப்பு

அன்புள்ள ஐயா,

நானும் என் தோழியும் பதினொரு வருடங்களாக ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். அவள் வேறு மதம். இத்தனை வருடத்தில் அது எங்களுக்குள் ஒரு பேச்சாகவே வந்ததில்லை. மூன்று மாதங்களுக்கு முன் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது, இரவுகளில் எனக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அப்படி ஓர் இரவில், வராந்தாவில் வைத்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. நீ இப்படியே இருந்துவிட்டால் உனக்கு மீட்பு இல்லை என்றுதான் நான் நம்புகிறேன். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. தினமும் உனக்காக வேண்டிக்கொள்கிறேன்."

என்ன சொல்வதென்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று கேட்டு வளர்ந்தவள் நான். இத்தனை நெருக்கமானவள் என்னைக் கரையேறாதவளாகப் பார்க்கிறாள் என்பதைத் தாங்க முடியவில்லை. அண்ணனிடம் சொன்னால், "இதுக்குத்தான் அவங்களோட அளவா பழகுன்னு சொன்னேன்" என்கிறார்.

அம்மா இப்போது நலம். தோழி வழக்கம்போலத்தான் பேசுகிறாள், நான்தான் ஒதுங்கிப் போகிறேன். அடுத்த மாதம் அவர்கள் வீட்டில் ஒரு வழிபாடு, வா என்று கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்குச் சகிப்புத்தன்மை இல்லையா? அந்தச் சொல்லே எனக்கு இப்போது கசக்கிறது. பல்வலியைச் சகித்துக்கொள்வதுபோல ஒரு மனுஷியைச் சகித்துக்கொள்வதா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் இருவரும் எந்தெந்த மதம் என்று எழுதவில்லை. நல்லதாயிற்று. எழுதியிருந்தால் படிப்பவர்களில் பாதிப்பேர் அந்த வரியிலேயே நின்று கட்சி பிரிந்திருப்பார்கள்.

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உங்கள் தோழி உங்களை இழிவாக நினைத்துச் சொல்லவில்லை, உங்களை இழந்துவிடுவோமோ என்று பயந்து சொல்லியிருக்கிறாள். அவள் நம்புவது உண்மை என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிக்கொண்டே, பதினொரு வருடம் கூடவே இருந்தவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன பெயர்? அவள் இடத்தில் நின்று பார்த்தால், சொல்லாமல் இருப்பதுதான் துரோகம். அவள் நம்பிக்கையை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. நானும் ஏற்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது என்ன என்பது வேறு விஷயம்.

எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்பதற்கு வருகிறேன். கேட்க இதமான வாக்கியம், நானும் பல வருடம் சொல்லித் திரிந்தவன்தான். ஆனால் அதுவும் ஒரு நம்பிக்கை, மற்ற நம்பிக்கைகளைப்போல. 'என் வழிதான் வழி' என்று நம்புகிறவளிடம் போய், 'உன் வழியும் என் வழியும் ஒன்றுதானம்மா' என்றால், 'நீ நம்புவது தப்பு' என்று சிரித்த முகத்தோடு சொல்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாம் ஒன்று என்று ஆகிவிட்டால் சகிப்புத்தன்மைக்கே வேலை இல்லையே. ஒத்துப்போகிறவர்களுக்குள் எதைச் சகிப்பது?

என் கதை ஒன்று சொல்கிறேன். பெருமைப்படும்படியானது இல்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இருந்தார், வேறு மதத்தவர். நோன்பு நாட்களிலும் மதியம் எங்களோடு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்காருவார். சாப்பிட மாட்டார், பேச்சுத் துணைக்காக வருவார். வெறும் கைகளை மேஜைமேல் கோத்து வைத்துக்கொண்டு நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக் கதை பேசுவார். ஒருநாள் நான் ஒரு கவளத்தை உருட்டி நீட்டி, "இங்கே யாரும் பார்க்கவில்லை, உங்கள் கடவுள் உட்பட. ஒரு வாய் சாப்பிடுங்கள்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து மதிய வேளையில் தன் நாற்காலியிலேயே ஒரு கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வரவில்லை என்று நான் கவனிக்கவே இரண்டு வாரம் ஆனது. ஏன் வரவில்லை என்று பிடிபட இன்னும் கொஞ்ச நாள். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. நடந்ததே நினைவில்லாததுபோல் நடந்துகொண்டேன்.

இதில் என்னைக் குத்துவது, அவர் மதத்தைப் பற்றி நான் ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை என்பதுதான். எல்லாம் ஒன்றுதானே என்ற ஆசாமி நான். எல்லாம் ஒன்று என்றால் அவருடைய நோன்பு மட்டும் என்ன தனி விசேஷம் என்ற அலட்சியம் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் தோழி உங்கள் வழியை முக்கியமான விஷயமாக எடுத்துக்கொண்டு அதோடு முரண்படுகிறாள். நான் அவருடைய வழியை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் நான் செய்தது என்றுதான் சொல்வேன்.

சரி, அப்படியானால் யாரும் யாரிடமும் எதையும் சொல்லலாமா? இதற்கு அசோகனைவிட நன்றாகப் பதில் சொன்னவர்கள் குறைவு. கிமு மூன்றாம் நூற்றாண்டில் பாறைகளில் வெட்டிவைத்த கட்டளைகளில் பன்னிரண்டாவது முழுக்க முழுக்க இதைப் பற்றித்தான். எல்லாச் சமயத்தாரையும் அரசன் மதிக்கிறான், ஆனால் தானத்தையும் மரியாதையையும்விட எல்லாச் சமயங்களிலும் சாரம் வளர்வதையே பெரிதாக நினைக்கிறான் என்று தொடங்குகிறது. அந்தச் சாரத்துக்கு வேர் எது என்பதற்கு அவன் வைத்த சொல் 'வசகுத்தி'. நம் மொழியில் சொன்னால் வாய்க்காவல். தன் சமயத்தை உயர்த்துவதும் பிறர் சமயத்தைத் தாழ்த்துவதும் இடமில்லாத இடத்தில் கூடாது, இடம் வந்தாலும் அளவோடு இருக்கட்டும் என்கிறான். பக்தி மிகுதியால் பிறர் சமயத்தைப் பழிக்கிறவன் கெடுப்பது தன் சமயத்தைத்தான் என்றும் சொல்கிறான்.

கவனித்தீர்களா, வாயைத் திறக்காதே என்று அவன் சொல்லவில்லை. இடமும் அளவும் பார் என்கிறான். அதே கட்டளையில், ஒருவர் நெறியை மற்றவர் கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. பேசினால்தானே கேட்க முடியும்.

மணிமேகலையின் தொடக்கத்தில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் ஊருக்குச் சொல்லும் செய்திகளில் ஒன்றும் இதே ரகம். பட்டிமண்டபத்துக்கு ஏறுங்கள், அதன் முறையறிந்து ஏறுங்கள் என்று சமயவாதிகளை அவனே அழைக்கிறான். (பட்டிமன்றம் என்று இன்று நாம் சிரித்துக் கைதட்டும் சமாச்சாரத்தின் மூதாதை அது.) அழைத்துவிட்டு, பகைவர்களே எதிரில் இருந்தாலும் 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்கிறான். மனதில் வன்மம் வேண்டாம், கலகமும் வேண்டாம், விலகிப் போங்கள். வாதம் நடக்கும் என்று தெரிந்தே இருக்கிறார்கள். வாதம் முடிந்து வீடு திரும்பும் வழியைப் பற்றித்தான் அவர்கள் கவலை.

அந்த அளவுகோலை உங்கள் தோழிமேல் வைத்தால் எனக்கு ஒரு குறை தெரிகிறது. இடம் சரியில்லை. அம்மா உள்ளே படுத்திருக்கும்போது, தூக்கம் கெட்டு நிற்பவளிடம் மறுமையைப் பற்றிப் பேசக் கூடாது. நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்கள் திடமாக மறுத்துப் பேசும் நிலையில் இருப்பதில்லை. இதையே அவள் உங்கள் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆனால் அளவில் குறை இல்லை. ஒரு தடவை சொன்னாள், நிறுத்திக்கொண்டாள், மறுநாள் இரவும் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் வேண்டாம் என்ற பிறகும் அவள் விடாமல் தொடர்ந்தால் அன்று அதை வற்புறுத்தல் என்று சொல்லலாம். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 18ஆவது பிரிவில், மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையோடு மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. நீங்கள் மாற வேண்டும் என்று அவள் ஆசைப்படலாம். மாட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். இரண்டும் ஒரே உரிமைக்குள்தான் வருகின்றன.

அண்ணனைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒருத்தி ஓர் இரவில் சொன்ன ஒரு வாக்கியம் அவர் வாயில் எப்படி 'அவங்க' ஆயிற்று என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். ராத்திரி கண்விழித்து உட்கார்ந்திருந்ததை மட்டும் ஏன் 'அவங்க' கணக்கில் எழுதவில்லை என்றும்.

இனி, உங்களுக்குக் கசக்கும் அந்தச் சொல். உங்கள் கசப்பில் பாதி நியாயம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைச் சகித்துக்கொள்வதுதான் அது என்றால், மனம் மாறிய அன்று அது போய்விடும். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக இருந்த பிரான்சில் மன்னன் நான்காம் ஹென்றி 1598இல் நான்ட் ஆணையால் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தான். 1685இல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தான். தாத்தா கொடுத்ததைப் பேரன் பிடுங்கினான், மக்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டு ஓடினார்கள். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1790இல் நியூபோர்ட் நகர யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு சாராரின் தயவால் இன்னொரு சாரார் தங்கள் இயல்பான உரிமையை அனுபவிப்பதாக இனிப் பேச வேண்டியதில்லை என்று எழுதியது இதைத்தான். நாட்டுக்கும் சட்டத்துக்கும் சகிப்புத்தன்மை போதாது, உரிமை வேண்டும். (அடிமைகளை வைத்திருந்த மனிதர் எழுதிய வாக்கியம் அது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஆனால் இரண்டு மனிதர்களுக்கு இடையில் எனக்கு அந்தச் சொல்மேல் அத்தனை வெறுப்பில்லை. தமிழில் 'பொறை' என்றால் பொறுமை, பொறை என்றால் பாரமும்கூட. சுமப்பதும் பொறுப்பதும் ஒரே சொல். உங்கள் நம்பிக்கையின் பாரம் அவளுக்கு இருக்கிறது, அவளுடையது உங்களுக்கு. பதினொரு வருடமாக அவள் தன் பங்கைச் சுமந்திருக்கிறாள். உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஜெர்மனியில் பவுட்சன் என்ற ஊரில் புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. 1524 முதல் கத்தோலிக்கர்களும், புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவான லூத்தரன்களும் அதே கூரைக்கு அடியில் வழிபடுகிறார்கள். பலிபீடப் பகுதி கத்தோலிக்கர்களுக்கு, அதற்கு முன்னால் உள்ள பெருங்கூடம் லூத்தரன்களுக்கு. 1618 முதல் 1648 வரை அந்தத் தேசமே இந்த இரு பிரிவுகளின் பெயரால் சண்டையிட்டு எரிந்தது. அந்த ஏற்பாடு அதையும் தாண்டி நின்றது. அவர்கள் ஒன்றும் கட்டிப்பிடித்துக்கொண்டு வாழவில்லை. நடுவில் ஒரு தடுப்பு, ஆளுயரத்தையும் தாண்டி நின்றது. அதைக் குறைத்ததே இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். இன்று இடுப்பளவு இருக்கிறது. முழுக்க எடுக்கவும் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம், எட்டிக் கைகூடக் கொடுக்கலாம். தான் எந்தப் பக்கம் என்பதும் யாருக்கும் மறப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி தோழி சொன்னது அல்ல. பதினொரு வருடத்தில் மதம் ஒரு பேச்சாகவே வந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தடுப்பு ஆளுயரத் தடுப்பு, அதனால்தான் அது கண்ணில் படவில்லை. அன்று இரவு அவள் தன் பக்கத்தில் கொஞ்சம் இறக்கினாள். இடம் பார்க்காமல் இறக்கினாள், உங்கள் காலில் விழுந்துவிட்டது.

வழிபாட்டுக்குப் போவதா என்று கேட்டால், போங்கள் என்பேன். ஆனால் முன்னாடியே அவளிடம் பேசிவிட்டுப் போங்கள். "வருகிறேன், உட்கார்ந்திருப்பேன், உங்களோடு சேர்ந்து வேண்டிக்கொள்ள மாட்டேன்" என்று சொல்லிவிடலாம். நீ அன்று சொன்னது வலித்தது என்பதையும் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று அவளுக்குச் சொல்லுங்கள். உங்களுக்காகத் தூக்கம் கெட்டுக் கிடப்பவளுக்கு அதுவே இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன்.

என் நண்பரின் கதை பாதியில் நிற்கிறது. நான்கு வருடம் கழித்து அவருடைய அப்பா இறந்தார். போனேன். செருப்பை எங்கே விடுவது, எந்தப் பக்கம் நிற்பது, கைகளைக் கூப்புவதா கட்டுவதா, ஒன்றும் தெரியவில்லை. வாசலிலேயே தயங்கி நின்றேன். அத்தனை கூட்டத்திலும் அவர் பார்த்துவிட்டார். வந்து என் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தனக்குப் பக்கத்தில் நிறுத்தி, "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா நில்லுங்கள்" என்றார். நின்றேன். அன்று மாலை கிளம்பும்போதுதான் அந்தக் கவளத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். அப்பாவைப் புதைத்த கைகளில் மண் காயாமல் இருந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே, "நன்றாக நினைவிருக்கிறது" என்றார். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். தோழியையும்தான்.