மணலைச் சலித்தால் பழைய கடற்கரை தெரியுமா?

சார், கொடைக்கானல் தூண் பாறை பக்கம் மணற்கல் கிடைக்குமா? (பண்ணைக்காடு)

கிடைக்காது தம்பி. பழனி மலையும் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோக்கைட். பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறை. மணற்கல்லுக்கு மலை இறங்கி அரியலூர் பக்கமோ திருவக்கரைக்கோ போக வேண்டும்.

மணற்கல்லை உதிர்த்துச் சலித்து, ஒவ்வொரு சல்லடையிலும் தங்கிய மணலை எடை போட்டுவிட்டேன். அதிலிருந்து என்ன தெரியும்? (கோத்தகிரி, கல்லூரி மாணவி)

முதலில் ஃபை எண்ணில் குழம்பாதீர்கள். மணல் மணியின் அளவைக் குறிக்கும் எண் அது. 1 மில்லிமீட்டர் என்றால் ஃபை 0, அரை என்றால் 1, கால் என்றால் 2. எண் கூடக் கூட மணி சிறுக்கும். மணல் மணிகளின் சராசரி அளவு, சீர்மை போன்றவற்றைக் கணக்கிட 1957-ல் ஃபோக், வார்டு என்ற நிலவியலாளர்கள் தந்த சூத்திரங்களில் இந்த எண்ணைத்தான் போட வேண்டும்.

சராசரி அளவு, நீரோ காற்றோ எவ்வளவு வேகமாக ஓடியது என்று சொல்லும். எனக்கு அதைவிட முக்கியம், மணிகள் எவ்வளவு ஒரே அளவாக இருக்கின்றன என்பது. வட்டக்கானல் ஓடையில் மழை வடிந்த மறுநாள் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். பட்டாணி அளவு கல், ரவை போன்ற மணல், சேறு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். வெள்ளம் சட்டென்று வடியும்போது கையிலிருந்ததையெல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் போகிறது. கடற்கரையில் அலை ஓயாமல் அலசி, பொடியைக் கடலுக்குள் இழுத்துவிடும். அதனால் மணல் ஒரே சீராக இருக்கும். எந்த அளவு மணி எவ்வளவு எடை என்று வரைந்தால், கடற்கரை மணலில் அந்த வரைபடத்தின் வால் பெரும்பாலும் பருமணல் பக்கம் நீளும். ஆற்று மணலிலும் காற்று குவித்த மேட்டிலும் அது பொடிமணல் பக்கம் நீளுவதே வழக்கம்.

கல் இறுகிப் போயிருக்கிறது, சலிக்கவே முடியவில்லையே? (குன்னூர்)

சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவையுங்கள், மணல் பிரிந்துவிடும். ஆனால் கிளிஞ்சல் துண்டுகளும் கரைந்துவிடும், அவற்றை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சிலிக்கா ஒட்டியிருந்தால் அமிலம் உதவாது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் 300 மணிகளாவது அளக்க வேண்டும். அறுப்பு எல்லா மணிக்கும் நடுவில் போகாது, அதனால் அளவு குறைவாகவே வரும், திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போ வரைபடத்தை வைத்தே 'இது பழைய கடற்கரை' என்று எழுதலாமா? (ஊட்டி)

எழுதாதீர்கள். ஆறு கொண்டுவந்த மணல் கரையில் சேர்ந்த பின்னும் ஆற்று மணலின் சாயலிலேயே இருக்கலாம். குறுக்கு அடுக்கு (பாறைக்குள் சாய்வாகப் படிந்த மணல் வரிகள்), அலைத்தடம், புதைபடிவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வரைபடம் ஆறு என்கிறது, அதே அடுக்கில் அம்மோனைட் கிடக்கிறது என்றால், நான் அம்மோனைட்டைத்தான் நம்புவேன். அது கடலில் வாழ்ந்து அழிந்துபோன, சுருள் ஓடுள்ள உயிர்.

ஒரு மாதிரிக்கு எவ்வளவு கல் எடுக்கலாம்? (கொடைக்கானல்)

சலிக்க 100 கிராம் மணல் தேறினால் போதும். ஆனால் ஒரே அடுக்கிலிருந்து எடுங்கள். இரண்டு அடுக்கைக் கலந்தால் இரண்டு வெவ்வேறு வெள்ளத்தின் மணலைக் கலந்து சலித்த மாதிரி ஆகிவிடும்.