தேயிலைக்குள் இருக்கும் பாக்டீரியா மரபணு

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. வீட்டோரம் நிற்கும் பிளம்ஸ் மரத்தின் தூரில் முஷ்டி அளவுக்கு ஒரு முண்டு வந்திருக்கிறது. பாக்டீரியா தன் மரபணுவை மரத்துக்குள் செலுத்தியதால் வந்தது என்கிறார்கள். அந்த மரத்துப் பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

அன்புள்ள தம்பி,

தாராளமாகக் கொடுங்கள். மரபணு புகுந்தது அந்த முண்டின் செல்களுக்குள்தான், பழத்துக்குள் இல்லை.

தூரில் மண்வெட்டி பட்ட காயம் ஏதாவது இருந்திருக்கும், அக்ரோபாக்டீரியம் என்ற அந்த பாக்டீரியா அதன் வழியாகத்தான் நுழைகிறது. முண்டைக் கீறிப் பாருங்கள், மேலே கறுத்து வெடித்திருக்கும், உள்ளே மரத்துக்குரிய நேரான நார் ஓட்டம் இருக்காது, எல்லாம் சுருண்டு குழம்பிக் கிடக்கும். ஆக்சின், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன்களைச் செய்யும் மரபணுக்களை பாக்டீரியா மரத்தின் செல்லுக்குள் வைத்துவிடுகிறது, அதனால்தான் அந்தக் கட்டுக்கடங்காத வளர்ச்சி. கூடவே ஓபைன் என்ற பொருளையும் செய்ய வைக்கிறது. மரத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அது பாக்டீரியாவின் சாப்பாடு. மரத்தின் வீட்டிலேயே தனக்கு உலை வைத்துக்கொள்கிறது! பிறகு பாக்டீரியா செத்துப்போனாலும் முண்டு வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதன் பங்காளி ஒன்று உண்டு, அது தாக்கினால் முண்டுக்குப் பதில் மயிர்போல வேர்கள் கொத்துக்கொத்தாக வரும். அதற்குக் காரணமான ரோல் மரபணுக்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அவற்றில் ஒன்றான ரோல்-சி மட்டும் ஒரு செடிக்குள் போனால் செடி குட்டையாகி, பக்கக் கிளை அதிகமாகி, கவாத்து செய்ததுபோல நிற்கும். உங்கள் சோலை ஓரத்தில் படரும் மஞ்சிட்டியின் செல்களில் ரோல்-பி வைத்தபோது, வேருக்குச் சிவப்பு நிறம் தரும் ஆந்த்ராகுவினோன் வகைப் பொருள்கள் பல மடங்கு கூடின. உருவம், ரசாயனம் இரண்டையுமே தொடுகிற மரபணுக்கள் இவை.

சரி, தேயிலையைப் பற்றியும் பயமிருந்தால் இதையும் கேளுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் இந்த வகை பாக்டீரியாவின் மரபணுக்கள் இயற்கையாகவே புகுந்து பரம்பரையாக வருவது 2015-ல் வெளிவந்தது. இப்படி மரபணு புகுந்த செடிகளைப் பற்றி 2019-ல் வந்த பட்டியலில் தேயிலையும் இருந்தது. நீங்கள் தினமும் கிள்ளும் கொழுந்தில் அது இருக்கிறது, யாரும் ஆய்வுக்கூடத்தில் வைத்ததல்ல. அதனால் எந்தச் செடியானாலும் பாக்டீரியா மரபணு இருக்கிறதா என்று கேட்பதைவிட, எந்த மரபணு, அது அங்கே என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

அப்புறம், முண்டை வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் வேறு மரத்தில் வைக்காதீர்கள். மரம் போய்விட்டால் அந்தக் குழியில் உடனே பீச்சோ பேரியோ நடவேண்டாம், பாக்டீரியா மண்ணிலேயே கிடக்கும். இரண்டு மூன்று வருஷம் பூண்டு போடுங்கள்.