பிரசவ ரத்தப்போக்குக்கு மலிவான மருந்து இருந்தும் நைஜீரியா போன்ற நாடுகளில் இத்தனை தாய்மார்கள் இறப்பது ஏன்?

மருந்து மலிவுதான். ஆனால் அது கெடாமல் வந்து சேர வேண்டும். எவ்வளவு ரத்தம் போனது என்று யாராவது அளக்கவும் வேண்டும். பல இடங்களில் இந்த இரண்டுமே நடப்பதில்லை. 2023இல் உலகம் முழுவதும் பேறுகாலத்தில் இறந்த சுமார் 2,60,000 பெண்களில் ஏறக்குறைய 75,000 பேர் நைஜீரியர்கள். முதன்மையான காரணங்களில் ஒன்று ரத்தப்போக்கு.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்த பிறகு கருப்பை கல்லாக இறுகினால்தான் ரத்தக்குழாய்கள் நெரிபட்டு மூடும். இறுக வைப்பது ஆக்சிடோசின்: குழந்தை பிறந்ததும் 10 யூனிட். இதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் சுகாதார நிலையத்தில், மேசை இழுப்பறையில் வாரக்கணக்கில் கிடந்து வீரியம் இழந்த ஊசி மருந்தும் பார்க்கத் தெளிவாகவே இருக்கும். போடுபவருக்குச் சந்தேகம் வராது. இறுகவில்லையே என்று இன்னொன்று போடுவார், அதற்குள் நேரம் போய்விடும். வெப்பம் தாங்கும் மாற்று மருந்தான கார்பெடோசின் (100 மைக்ரோகிராம்) ரத்தப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடோசினுக்குக் குறைந்ததல்ல என்று 10 நாடுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசி போட ஆளில்லாத இடத்தில் 600 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுக்கலாம்.

அடுத்தது அளவு. துணி உறிஞ்சியது, பனிக்குடநீரோடு கலந்தது, தரையில் ஓடியது எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கூட்டினால் கணக்கு பெரும்பாலும் குறைவாகவே வரும். இளம்பெண்களுக்கு ரத்த அழுத்தமும் கடைசி வரை சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும். இதற்கு விடை ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. இடுப்புக்கு அடியில் விரித்தால் அதன் பை கட்டிலுக்குக் கீழே தொங்கும். பையில் அளவுக்கோடுகள் உண்டு. குழந்தை பிறந்த பிறகே விரிக்க வேண்டும், முன்பே விரித்தால் பனிக்குடநீரும் சேர்ந்து கணக்கு குழம்பும். முதல் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பையையும் நாடியையும் பார்த்து, அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பை இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 500 மில்லியைத் தொட்டால், அல்லது 300ஐத் தாண்டி நாடியோ ரத்த அழுத்தமோ மாறினால், கருப்பையை நீவுதல், ஆக்சிடோசின், ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், சலைன், கிழிசல் எங்கே என்று பார்த்தல் ஆகிய ஐந்தையும் உடனே ஒன்றாகத் தொடங்க வேண்டும். ஒன்று பலிக்கிறதா என்று காத்திருந்து அடுத்ததற்குப் போவதுதான் பழைய தவறு.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 2,00,000க்கும் மேற்பட்ட பிரசவங்களில் இந்த முறையை வழக்கமான முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான அறுவை, மரணம் ஆகியவற்றின் கூட்டு விகிதம் வழக்கமான முறையில் 4.3 சதவீதம், இந்த முறையில் 1.6. வழக்கமான முறையில் ஏறக்குறைய பாதிப் பேரின் ரத்தப்போக்கு கண்டுபிடிக்கப்படவே இல்லை. எனக்கு இதில் மிகவும் வலிப்பது இந்த எண்தான்.

ஹீமோகுளோபின் 12 உள்ள பெண் 500 மில்லியைத் தாங்கிவிடுவாள், 7 உள்ளவளால் முடியாது. இரும்புச்சத்து மாத்திரை சேராத ஊரில்தான் ரத்த வங்கியும் இருக்காது. கையுறையும் சலைனும் வாங்கி வா என்று கணவனைக் கடைக்கு அனுப்புவதும் அங்கேதான்.

டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராமை, குழந்தை பிறந்த 3 மணி நேரத்துக்குள், 10 நிமிடத்தில் சிரையில் (ரத்த நாளத்தில்) ஏற்ற வேண்டும். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதானால், வண்டி வரும்வரை காத்திராமல், கட்டிலிலேயே முதல் கிராமை ஏற்றிவிட்டு, ஏற்றிய நேரத்தைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.