கரிக்கட்டையும் நாமளும் ஒரே சரக்கா?

கேள்வி: என் மக பத்தாவது படிக்கிறா. நம்ம உடம்பே கார்பனால ஆனதுன்னு ட்யூஷன்ல சொன்னாங்களாம். அன்னைக்குன்னு பார்த்து சோறு அடிப்பிடிச்சிருச்சு. பானையைச் சுரண்டிக்கிட்டே, "இதுவும் கார்பன்தானம்மா, வெள்ளை அரிசிக்குள்ள இம்புட்டு கருப்பு எங்க இருந்துச்சு?"ன்னு கேக்குறா. என்ன சொல்றதுங்க?
– ஒரு வாசகி, மோல்மீன்

பதில்: அந்தக் கருப்பு அரிசிக்குள்ளயேதாம்மா இருந்துச்சு. அரிசியில முக்காவாசிக்கு மேல மாவுச்சத்து, மாவுச்சத்துன்னா குளுக்கோஸை பூ மாதிரி வரிசையா கோத்த மாலை, ஒவ்வொரு குளுக்கோஸ்லயும் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்ஸிஜன் 6. சூடு ஏற ஏற ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பெரும்பாலும் தண்ணி ஆவியா கழண்டு ஓடிடும், கார்பன் மட்டும் அடியில ஒட்டிக்கிட்டு நிக்கும். மரத்தை அடுக்கி மண்ணு பூசி மூட்டம் போட்டு கரி எடுக்கிறாங்களே, அதுவும் இதேதான்.

சரி, அரிசிக்குள்ள எப்படி வந்துச்சு? வயல் மண்ணுல இருந்துன்னுதான் நிறைய பேரு நினைக்கிறோம், இல்லவே இல்ல, காத்துல இருந்து வந்துச்சு! பத்தாயிரம் பங்கு காத்துல கார்பன் டை ஆக்ஸைடு 4 பங்குதான் இருக்கும், அந்தத் துளியைத்தான் நெல்லு இலை ஓட்டை வழியா இழுத்து வெயிலை வச்சு சர்க்கரையாக்குது. பெல்ஜியத்துப் பக்கம் வான் ஹெல்மான்ட்னு ஒருத்தர் தொட்டியில 200 பவுண்டு மண்ணைப் போட்டு ஒரு வில்லோ கன்னு நட்டு தண்ணி மட்டும் ஊத்தி வளத்தாரு, 5 வருஷத்துல மரம் 164 பவுண்டு கூடியிருந்துச்சு, மண்ணு குறைஞ்சது 2 அவுன்ஸ். எல்லாம் தண்ணியில வந்ததுன்னு அவரு நினைச்சுட்டாரு, காத்தை விட்டுட்டாரு. இந்தக் கணக்கு 1648-ல புத்தகமா வந்துச்சு. எனக்கு இன்னைக்கும் படிக்கப் படிக்க ஆச்சரியமா இருக்கு.

உயிருக்கு ஏன் கார்பன்? அதுக்கு நாலு கை. நாலு பக்கமும் வேற அணுவைப் பிடிக்கும், தன் ஜாதி அணுவையே பிடிச்சு நீள நீளமா சங்கிலியும் போடும், வளையமும் போடும். கார்பன் ஆக்ஸிஜனோட சேர்ந்தா காத்தாயிடும், மூச்சுல வெளிய விட்டுடலாம். சிலிக்கானுக்கும் நாலு கைதான், ஆனா அது ஆக்ஸிஜனோட சேர்ந்தா மணலாயிடும், மணலை யாரு மூச்சா விட முடியும்? இதை வீட்டுலயே காட்டலாம், ரைஸ் மில்லுல எரிச்ச உமிச் சாம்பல் ஒரு பிடி வாங்கி விரல்ல தேய்ங்க, நறநறன்னு இருக்கும், அது நெல்லு மண்ணுல இருந்து எடுத்த சிலிக்கா, சிலிக்கானும் ஆக்ஸிஜனும் சேர்ந்த அந்த மணல் சரக்கு. உமியில இருந்த கார்பன் எரிஞ்சு புகையோட காத்துக்கே திரும்பிடுச்சு, சிலிக்கா போக வழியில்லாம கிடக்கு.

இன்னொன்னும் மகளுக்குச் சொல்லுங்க. வைக்கோல்லயும் நிறைய இருக்கிறது குளுக்கோஸ் மாலைதான், ஆனா கோர்வை வேற மாதிரி, அந்த முடிச்சை அவுக்குற என்சைம் நம்மகிட்ட இல்ல, மாட்டு வயித்துல இருக்கிற கிருமிகிட்ட இருக்கு. ஒரு வாய் வெறும் சோத்தை முழுங்காம நல்லா மென்னுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, கொஞ்ச நேரத்துல இனிக்கும், எச்சில் மாலையை அறுக்குது. அப்படி உள்ள போறதுலதான் நம்ம உடம்பே கட்டியிருக்கு, 60 கிலோ ஆளுக்குள்ள கிட்டத்தட்ட 11 கிலோ கார்பன்.

கேள்வி: கரண்ட் போனா கரி அடுப்புலதான் சமையல். மழைக்கு கதவு ஜன்னலைச் சாத்திட்டு எரிச்சா தலை வலிக்குதே, கரியும் நம்ம கார்பன்தானே?
– ஒரு வாசகர், ரங்கூன்

பதில்: ஐயா, தயவுசெஞ்சு இன்னைக்கே நிறுத்துங்க. காத்து பத்தாம எரியுற கரியில இருந்து கார்பன் மோனாக்ஸைடுங்கிற விஷ வாயு வரும், அதுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது. ரத்தத்துல ஆக்ஸிஜன் உக்கார்ற ஹீமோகுளோபின் இடத்தை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம் வரும், அந்தத் தூக்கத்துலயே உயிர் போன வீடுங்க இருக்கு. அடுப்பை வெளித் திண்ணைக்கோ கூரை போட்ட வாசலுக்கோ மாத்துங்க, கரி அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் ராத்திரி உள்ள கொண்டு வராதீங்க. யாருக்காவது தலை சுத்துனா முதல்ல வெளிய கூட்டிட்டு வந்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.